‘இந்த டெஸ்ட் எதற்கு?’ என்று கேட்கிற டாக்டர்

ஆறு வருடம் கழித்துத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். குடும்ப டாக்டரைப் பற்றி முதல் மாதமே எழுதினால் காய்ச்சல் விட்டதா, சிரித்துப் பேசினாரா, எவ்வளவு நேரம் காக்க வைத்தார் என்பதற்கு மேல் சொல்ல ஒன்றும் இருக்காது. எனக்கு வயது 49, கணக்கு எழுதும் வேலை. ஒரு கம்பெனியின் புத்தகங்களை நாலைந்து வருடம் புரட்டிய பிறகுதான் அங்கே எது ஒழுங்கு, எங்கே ஓட்டை என்று பிடிபடும். டாக்டர் விஷயத்திலும் எனக்கு அப்படித்தான் ஆனது. பெயரைச் சொல்லப் போவதில்லை. இப்போதே அங்கே உட்கார நாற்காலி கிடைப்பதில்லை.

அதற்கு முன்னால் போய்க்கொண்டிருந்த இடத்தை நான் தேர்ந்தெடுத்ததற்கு இரண்டே காரணம்: நடந்து போகிற தூரம், கூட்டம் கிடையாது. கூட்டம் ஏன் இல்லை என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். போகும்போதெல்லாம் வேறு வேறு டாக்டர் இருப்பார். ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். பாதிக் கதையில் அவர் கை மருந்துச் சீட்டை எழுத ஆரம்பித்திருக்கும்.

அம்மாவுக்கு அப்போது 70. பல வருடமாக பிபி மாத்திரை சாப்பிடுகிறார். அங்கே பிபி பார்ப்பது ஒரு சடங்கு மாதிரி. படியேறி மூச்சு வாங்க வந்தவரை முதுகுக்குச் சாய்மானம் இல்லாத ஸ்டூலில் உட்கார வைத்து, துணிக்கு மேலேயே பட்டையைச் சுற்றி, ‘என்னம்மா, தூக்கமெல்லாம் நல்லா வருதா?’ என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே பார்ப்பார்கள். 168/92 என்று வரும். மாத்திரை கூடும். இப்படி மூன்று தடவை கூடியது. ஒருநாள் விடியற்காலை படுக்கையிலிருந்து எழுந்து போனவர் குளியலறைக் கதவைப் பிடித்தபடியே சரிந்துவிட்டார். நல்லவேளை, எலும்பு முறியவில்லை, நெற்றியில் மட்டும் புடைப்பு. அங்கே போய்ச் சொன்னதற்கு, ‘வயசானா தலை சுத்தத்தானே செய்யும்’ என்று பதில் வந்தது.

அந்தப் புடைப்போடுதான் இந்த டாக்டரிடம் போனோம். ஐம்பதைத் தாண்டிய அம்மையார், சத்தமாகப் பேச மாட்டார். அம்மாவிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, ‘பாத்ரூம் போயிட்டு வந்துட்டீங்களாம்மா?’ இது என்ன கேள்வி என்று எனக்குச் சிரிப்பு வந்தது. சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தால் பிபி ஏறித்தான் காட்டும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அப்புறம், ‘அஞ்சு நிமிஷம் பேசாம உக்காருங்கம்மா, நானும் பேச மாட்டேன்’ என்றார். முதுகு நாற்காலியில் சாய்ந்திருக்க வேண்டும், இரண்டு பாதமும் தரையில் படிய வேண்டும், கால் மேல் கால் கூடாது. ஒரு துண்டை நாலாக மடித்து மேஜைமேல் வைத்து அம்மாவின் கையை அதன்மேல் வைத்தார், இதயத்தின் உயரத்துக்கு வரும்படி. அம்மா ஐந்து நிமிடம் வாயை மூடிக்கொண்டிருந்து நான் பார்த்ததில்லை. ஏதோ தண்டனை கொடுத்துவிட்டதுபோல என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் இழுப்பறையைத் திறந்து இருப்பதிலேயே பெரிய பட்டையை எடுத்தார். மேல்கை பருமனாக இருப்பவர்களுக்குச் சின்னப் பட்டையைக் கட்டினால் எண் கூடுதலாகக் காட்டுமாம். இரண்டு கையிலும் பார்த்தார். ஒரு நிமிடம் விட்டு இன்னொரு தடவை. 138/80.

பிறகு அம்மாவை நிற்க வைத்து, கட்டிய பட்டையோடு ஒரு நிமிடத்தில் ஒன்று, மூன்றாவது நிமிடத்தில் ஒன்று எடுத்தார். மேல் எண் 112. எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் எண் 20 இறங்கினாலே கவனிக்க வேண்டும். அம்மாவுக்கு இறங்கியது 26. கதவருகே சரிந்த காரணம் அந்த மூன்று நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

ஒரு மாத்திரையைக் குறைத்துவிட்டு, வீட்டில் ஒரு வாரம் காலையும் மாலையும் இரண்டிரண்டு தடவை பிபி எடுத்துக் குறித்து வரச் சொன்னார். முதல் நாள் எண்களைத் தள்ளிவிட்டு மற்ற ஆறு நாளுக்குச் சராசரி பார்ப்பாராம். நான் அட்டவணை போட்டு, காலைச் சராசரி, மாலைச் சராசரி எல்லாம் தனித்தனியாகக் கணக்கிட்டு எடுத்துப்போனேன். பார்த்துவிட்டுச் சிரித்தார். அதற்குப் பிறகு அம்மா விழவில்லை.

அடுத்து என் முறை. எனக்கு அப்போது 43. ஒரு பரிசோதனைக் கூடத்தில் 72 சோதனைகள் அடங்கிய முழு உடல் பரிசோதனை செய்துகொண்டு, வழவழப்பான ரிப்போர்ட்டோடு போயிருந்தேன். மூன்று எண்களுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி. அதில் ஒன்று கல்லீரல் சம்பந்தப்பட்டது. மூன்றாவதன் பெயர் இன்றுவரை என் வாயில் நுழைவதில்லை. அந்த மூன்று நட்சத்திரத்தால் இரண்டு ராத்திரி தூக்கம் போயிருந்தது.

டாக்டர் ரிப்போர்ட்டை நிதானமாகப் புரட்டினார். ‘இதெல்லாம் எதுக்கு எடுத்தீங்க?’ என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எடுத்து வைப்பது நல்லதுதானே என்று இழுத்தேன். அப்போதுதான் ‘நார்மல்’ என்ற எண்ணை எப்படி வைக்கிறார்கள் என்று சொன்னார். ஆரோக்கியமாக இருப்பவர்கள் பலரைச் சோதித்து, நடுவில் வரும் 95 சதவீதம் பேருடைய எண்களைத்தான் பெரும்பாலும் எல்லையாக வைக்கிறார்கள். அதாவது ஒரு நோயும் இல்லாத ஆளுக்கே எந்த ஒரு சோதனையிலும் எல்லை தாண்ட 20-ல் ஒரு வாய்ப்பு இருக்கிறது. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத 20 சோதனை எடுத்தாலே ஒரு நட்சத்திரமாவது விழ 64 சதவீத வாய்ப்பு. 72 சோதனைக்கு மூன்று நட்சத்திரம் என்றால் எனக்குக் குறைவாகத்தான் விழுந்திருக்கிறது!

நட்சத்திரங்களைத் தள்ளி வைத்துவிட்டு, ‘அப்பா இருக்காரா?’ என்று கேட்டார். இல்லை என்றேன். என்ன நோய்? பெருங்குடலில் புற்றுநோய். எந்த வயதில் கண்டுபிடித்தார்கள்? 51. பேனாவை மேஜையில் வைத்துவிட்டார். ‘உங்களுக்கு 40-லயே பாத்திருக்கணும்.’

அப்பா, அம்மா, உடன்பிறந்தவர், பிள்ளை இவர்களில் யாருக்காவது 60 வயதுக்குள் அந்தப் புற்றுநோய் வந்திருந்தால், நமக்கு 40 வயதிலோ, அவருக்குக் கண்டுபிடித்த வயதுக்குப் பத்து வருடம் முன்னாலோ, எது முதலில் வருகிறதோ அப்போது கொலனோஸ்கோபி (ஆசனவாய் வழியாகக் கேமரா வைத்த குழாயை விட்டுப் பெருங்குடலின் உள்ளே பார்ப்பது) தொடங்க வேண்டும், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை திரும்பச் செய்ய வேண்டும் என்று விளக்கினார். குடும்பத்தில் யாருக்கும் இல்லாதவர்களுக்கு இது வேறு கணக்கு. பல இடங்களில் 45 அல்லது 50-ல் ஆரம்பிக்கிறார்கள், மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் எளிய சோதனையே அவர்களுக்குப் போதும். என் 72 சோதனையில் இரண்டுமே இல்லை. அப்பா எதனால் போனார் என்று அந்தக் கூடத்தில் யாரும் என்னைக் கேட்கவும் இல்லை.

கொலனோஸ்கோபி பயப்படுகிற அளவுக்கு ஒன்றுமில்லை, மயக்கத்தில் முடிந்துவிடும். முந்தைய ராத்திரிதான் கொடுமை. குடலைக் கழுவும் அந்த மருந்துத் தண்ணீரைக் குடித்துவிட்டு நான் கழிப்பறைக்கும் கட்டிலுக்கும் நடந்த நடை ஒரு பாதயாத்திரைக்குச் சமம். ஆனால் குடலின் உள்சுவரில் இரண்டு பாலிப், அதாவது சின்னச் சதை முளை, இருந்தது. பெரியது 8 மில்லிமீட்டர். பார்த்த கையோடு எடுத்துவிட்டார்கள். விட்டிருந்தால் புற்றுநோயாகியிருக்கும் என்று டாக்டர் என்னைப் பயமுறுத்தவில்லை. பெரும்பாலானவை ஆகாதாம். ஆகிறவையும் பத்து வருடம் போல மெதுவாகத்தான் ஆகும். எது ஆகும், எது ஆகாது என்று பார்த்தவுடன் சொல்ல முடியாததால் கண்ணில் பட்டதை எடுத்துவிடுகிறார்கள்.

இதற்குப் பிறகுதான் முழு உடல் பரிசோதனைகளைப் பற்றி நானே தேடிப் படித்தேன். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பங்கெடுத்த சோதனைகளைத் தொகுத்து காக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பு 2019-ல் வெளியிட்ட ஆய்வு, இப்படிப் பொதுவாக எல்லாவற்றையும் பார்ப்பதால் இறப்பு குறைவதாகத் தெரியவில்லை என்கிறது. அடுத்த வருடம் அதே பரிசோதனைக் கூடம் கழுத்து ஸ்கேன் இலவசம் என்று கூப்பிட்டபோது டாக்டரிடம் கேட்டேன். தென்கொரியாவின் கதையைச் சொன்னார். 1999-க்குப் பிறகு அங்கே நிறையப் பேர் கழுத்திலிருக்கும் தைராய்டு சுரப்பியையும் ஸ்கேன் செய்துகொண்டதில், 2011-ல் தைராய்டு புற்றுநோய் என்று கண்டுபிடிக்கப்பட்டவர்கள் 1993-ல் இருந்ததைப்போல 15 மடங்கு. அந்தப் புற்றுநோயால் இறந்தவர்கள் எண்ணிக்கை மட்டும் அப்படியே இருந்தது. ஒருநாளும் தொந்தரவு செய்திருக்காத கட்டிகளுக்காகப் பலர் தைராய்டையே எடுத்துவிட்டு ஆயுளுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார்கள். எந்த டெஸ்ட்டைப் பற்றிக் கேட்டாலும் இவர் திரும்பக் கேட்பது ஒன்றுதான்: ‘இது எதுக்கு? மோசமா வந்தா என்ன செய்யப் போறோம்?’ சொல்லத் தெரிந்தால் எழுதிக் கொடுப்பார்.

தேவையானதில் விட மாட்டார். ஒவ்வொருவர் ஃபைலின் உள்ளட்டையிலும் ஒரு தாள் ஒட்டியிருக்கும். எதைப் பார்க்க வேண்டும், கடைசியாக எப்போது பார்த்தது, அடுத்தது எப்போது. முதல் இரண்டும் பேனாவில், கடைசி மட்டும் பென்சிலில். சளிக்குப் போனாலும் முதலில் அந்தத் தாளைத்தான் பார்ப்பார். கருப்பை வாய்க்கான சோதனையை நான் எட்டு வருடம் தட்டிக் கழித்திருந்தேன். கூச்சம்தான், வேறென்ன. இப்போது கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் ஹெச்பிவி வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை செய்தால், 30 வயதுக்கு மேல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை போதும் என்றதும் ஒத்துக்கொண்டேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. மார்பக எக்ஸ்ரேயை 40-ல் தொடங்குவதா 50-லா என்பது நாட்டுக்கு நாடு மாறுகிறது என்பதையும் மறைக்காமல் சொல்லி, இரு பக்கத்து நியாயத்தையும் வைத்தார். நான் 45-ல் தொடங்கினேன்.

அம்மாவுக்கு வருடா வருடம் ஃப்ளூ ஊசி, நிமோனியாவுக்கு ஒன்று, அக்கிக்கு இரண்டு தவணை. எல்லாம் அந்தத் தாளில் இருக்கிறது.

என் கணவருக்கு டாக்டர் என்றாலே ஒவ்வாமை. ஒருவழியாக இழுத்துப்போனதில் ஹெச்பிஏ1சி என்கிற ரத்தச் சர்க்கரைச் சோதனையில் 5.9 வந்தது. ரத்தச் சிவப்பணு 120 நாள் போல வாழும். அது சுமந்துவந்த சர்க்கரையை அளப்பதால் கடைசி இரண்டு மூன்று மாதத்துச் சராசரி இதில் தெரிந்துவிடும். சோதனைக்கு முன்னால் நாலு நாள் பத்தியம் இருந்து ஏமாற்ற முடியாது. அவர் முயன்றார். 6.5 வந்தால்தான் சர்க்கரை நோய். 5.7 முதல் 6.4 வரை எல்லையில் இருப்பதாகக் கணக்கு. மாத்திரை கொடுங்கள் என்று கேட்டவரிடம், 2002-ல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வைச் சொன்னார்: வாரத்துக்கு 150 நிமிட நடையும் உடல் எடையில் 7 சதவீதக் குறைப்பும் இலக்காக வைத்துக்கொண்டவர்களிடம் சர்க்கரை நோய் 58 சதவீதம் குறைந்தது, மெட்பார்மின் மாத்திரை எடுத்தவர்களிடம் 31. அவர் இப்போது நடக்கிறார். எடை விஷயத்தில் பேச்சு வார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.

எனக்குக் கோபம் வந்த ஒரு நாளும் உண்டு. மகளுக்கு 12 வயதில் ஹெச்பிவி தடுப்பூசி போட்டபோது எல்லாம் என்னோடுதான் பேசினார். 15 வயதில் வயிற்று வலி என்று கூட்டிப்போனபோது, ‘நீங்க ஒரு பத்து நிமிஷம் வெளியில இருங்க’ என்றார். என் பெண்ணைப் பற்றி எனக்குத் தெரியாதது இவருக்கு என்ன தெரிய வேண்டும் என்று வெளியே உட்கார்ந்து பொருமினேன். உள்ளே என்ன பேசினார்கள் என்று இன்றுவரை அவளும் சொல்லவில்லை, டாக்டரும் சொல்லவில்லை. இப்போது அவளுக்கு 18. உடம்புக்கு ஏதாவது என்றால் என்னைக் கேட்காமல் தானாகவே நேரம் வாங்கிக்கொண்டு அங்கே போகிறாள். அந்தப் பத்து நிமிடத்தை இப்போது நான் மன்னித்துவிட்டேன், ஏறக்குறைய.

குறைகளுக்கு வருகிறேன். போனை எடுக்க மாட்டார்கள். நாற்பது தடவை அடித்தால் ஒரு தடவை எடுப்பார்கள், எடுத்தவுடன் ‘ஒரு நிமிஷம்’ என்று கீழே வைத்துவிட்டு மறந்துபோவார்கள். ஆளுக்குப் பத்து நிமிடம் என்று நேரம் கொடுத்துவிட்டு இருபத்தைந்து நிமிடம் பேசுவார். நாம் உள்ளே இருக்கும்போது அது சுகம், வெளியே இருக்கும்போது நரகம். நான் இரண்டேகால் மணி நேரம் காத்திருந்திருக்கிறேன். அவர் விடுமுறையில் போகும்போது பதிலுக்கு வருகிறவர் ஃபைலின் உள்ளட்டையைத் திறப்பதே இல்லை. கையெழுத்து, வேண்டாம், அதைப் பற்றிப் பேசவே வேண்டாம். இன்னொன்று, இது குறையா என்று தெரியவில்லை: தெரியாததைத் தெரியாது என்கிறார். அம்மாவின் தோலில் வந்த ஒரு தடிப்பைப் பார்த்துவிட்டு, ‘எனக்கு இது புரியல, தோல் டாக்டர்கிட்ட அனுப்பறேன்’ என்றார். அம்மாவுக்கு அதில் பெரிய ஏமாற்றம். எனக்கு அன்றுதான் முழு நம்பிக்கை வந்தது.

2021-ல் நார்வேயில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. ஒரே குடும்ப டாக்டரிடம் 15 வருடத்துக்கு மேல் இருந்தவர்களிடம், ஒரு வருடம் மட்டும் இருந்தவர்களைவிட இறப்பு 25 சதவீதம் போலக் குறைவு. டாக்டரால்தான் குறைந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஓரிடத்தில் நிலையாக இருக்கிற மாதிரி ஆட்களுக்கே ஆயுள் கொஞ்சம் கெட்டியாக இருக்கலாம். ஆனால் அம்மாவின் பழைய கதையை மறுபடி சொல்லாமல் இருப்பதன் அருமை எனக்கு ஆய்வு இல்லாமலே தெரியும். எனக்கு இன்னும் ஒன்பது வருடம் பாக்கி. அதற்குள் டாக்டர் ஓய்வு பெற்றுவிடுவாரோ என்ற பயம் உண்டு. ஒருநாள் கேட்டும்விட்டேன். ‘பாக்கலாம்’ என்றார்.

யாராவது போவதாக இருந்தால் காலையில் முதல் ஆளாக நேரம் வாங்குங்கள். போனில் வேண்டாம், நேரில் போய் எழுதி வையுங்கள். பழைய ரிப்போர்ட்டைவிட முக்கியம், அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்களுக்கு என்ன நோய், எந்த வயதில் என்று வீட்டில் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவது. என்னை மாதிரி அங்கே உட்கார்ந்து விரல் விட்டு எண்ண வேண்டாம்.

என் அண்ணனும் ஒருதடவை அங்கே போனார், ஐந்து வருடம் முன்னால், சளியும் தொண்டை வலியுமாக. இது வைரஸ், ஆன்டிபயாடிக் வேலை செய்யாது, ஒரு வாரத்தில் சரியாகும் என்று சொல்லி வெறும் கையோடு அனுப்பிவிட்டார் டாக்டர். ‘மருந்து எழுதத் தெரியாத டாக்டர்’ என்று இணையத்தில் ஒரே ஒரு ஸ்டார் போட்டார் அண்ணன். சளி ஆறாம் நாள் போய்விட்டது, ஸ்டார் போகவில்லை. எனக்குப் பாலிப் எடுத்த அன்றே, ‘உங்க அண்ணனையும் வரச் சொல்லுங்க’ என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒவ்வொரு தடவை நான் போகும்போதும், ‘அண்ணன் பாத்துக்கிட்டாரா?’ என்பார். அண்ணனிடம் சொன்னால், எனக்கு ஒன்றும் இல்லை, நன்றாகத்தானே இருக்கிறேன் என்பார். அப்பாவும் 50 வயதுவரை நன்றாகத்தான் இருந்தார்.

போன மாதம் அண்ணனுக்கு 52 முடிந்தது. பிறந்தநாள் சொல்லக் கூப்பிட்டபோது, ‘அண்ணா, அப்பாவுக்குத் தெரிஞ்ச வயசைத் தாண்டிட்டீங்க’ என்று மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. நேற்று அவரே கூப்பிட்டார். அந்த டாக்டருக்கு நாற்பது தடவை போன் அடித்தாராம், யாருமே எடுக்கவில்லையாம். நாளைக் காலை நான் நேரில் போய் அவர் பெயரை எழுதி வைத்துவிட்டு வர வேண்டும்.